கட்டுப்பாட்டு வால்வின் பாய்வுப் பண்பு: உலோக வடிவிலிருந்து எண் அட்டவணை வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொழிலகக் குழாய்களில் ஓடும் நீர், நீராவி, எண்ணெய், வளிமம் ஆகியவற்றின் அளவைத் தானாகக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் கருவி கட்டுப்பாட்டு வால்வு. அதன் திறப்புக்கும் அதன் வழியே செல்லும் பாய்வுக்கும் உள்ள தொடர்பே பாய்வுப் பண்பு எனப்படுகிறது. இப்பண்பை மாற்றும் வழி கடந்த நூறாண்டுகளில் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. தொடக்கத்தில் அது அடைப்பானின் உலோக வடிவில் இருந்தது. பின்னர் நிலைநிறுத்தியின் வடிவத் தகட்டிற்கும் இடம்பெயர்ந்தது. 1990களிலிருந்து நுண்செயலியின் எண் அட்டவணையிலும் இடம்பெற்றது. ஒவ்வொரு நிலையிலும் மாற்றுவது எளிதாயிற்று. எனினும் மாற்றம் எங்கே செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் பயனும் அது விட்டுச்செல்லும் தடயமும் வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டுப்பாட்டு வால்வு, பாய்வுப் பண்பு, சமவிழுக்காட்டுப் பண்பு, நிலைநிறுத்தி, தொழில்நுட்ப வரலாறு.

1. முன்னுரை

தானியங்கிக் கட்டுப்பாட்டின் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்துறையாக வளர்ந்தது. ஓட்டோ மாயர் பழங்காலம் முதலான பின்னூட்டக் கருவிகளின் தோற்றத்தை ஆராய்ந்தார். ஸ்டூவர்ட் பென்னட் 1800 முதல் 1955 வரையான கட்டுப்பாட்டுப் பொறியியலின் வளர்ச்சியை இரு நூல்களில் எழுதினார். இவ்வகை ஆய்வுகளின் முதன்மைக் கவனம் அளந்து, ஒப்பிட்டு, முடிவெடுக்கும் கட்டுப்படுத்தியின் மீதே அமைந்தது. அம்முடிவைக் குழாயினுள் நிறைவேற்றும் வால்வு, சொன்னதைச் செய்யும் உறுப்பாகவே பெரும்பாலும் கருதப்பட்டது.

ஆனால் வால்வு சொன்னதை அப்படியே செய்வதில்லை. கட்டுப்படுத்தி ‘பாதி திற’ என்று ஆணையிட்டால் வால்வு பாதி திறக்கும். பாய்வு பாதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆணைக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை அறிந்து, அதைத் தேவைக்கேற்ப வளைத்த முயற்சிகளே பாய்வுப் பண்பின் வரலாறு. அம்முயற்சிகளையும், ஒரு நிலையில் பெற்ற எளிமைக்கு மற்றொன்றில் கொடுத்த விலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பாய்வுப் பண்பு என்னும் கருத்து

கோள வகை வால்வு ஒன்றின் உள்ளே வட்டத் துளையுடைய இருக்கை ஒன்று உண்டு. தண்டின் முனையிலுள்ள அடைப்பான் அவ்விருக்கையில் அமரும்போது வழி மூடுகிறது, உயரும்போது திறக்கிறது. அடைப்பான் உயர்ந்த அளவு நகர்வு எனப்படும். வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாடு மாறாதிருக்கும்போது, ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு பாய்வு செல்கிறது என்பதைக் காட்டும் கோடே அதன் இயல்புப் பண்பு.

நடைமுறையில் மூன்று பண்புகள் வழங்குகின்றன. நேர்கோட்டுப் பண்பில் நகர்வும் பாய்வும் ஒரே விகிதத்தில் வளரும். விரைவுத் திறப்புப் பண்பில் சிறு நகர்விலேயே பெரும்பகுதிப் பாய்வு கிடைத்துவிடும். சமவிழுக்காட்டுப் பண்பில் நகர்வின் ஒவ்வொரு சம படியும் அப்போதுள்ள பாய்வை ஒரே விழுக்காட்டளவு கூட்டும். உச்சப் பாய்வுக்கும் கட்டுப்படுத்தத்தக்க குறைந்த பாய்வுக்கும் உள்ள விகிதம் 50 எனக் கொண்டால், நகர்வு 10 விழுக்காடு கூடும்தோறும் பாய்வு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 48 விழுக்காடு உயரும். பாதித் திறப்பில் பாய்வு 14 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய 86 விழுக்காடும் மேற்பாதியில் கிடைக்கும். கணக்கின்படி இக்கோடு சுழியைத் தொடுவதில்லை. மூடிய நிலையிலும் 2 விழுக்காடு எஞ்சும். அடைப்பான் இருக்கையில் முழுமையாக அமர்வதால் மட்டுமே உண்மையான வால்வு மூடுகிறது.

3. சீராக்கிகளின் காலம்

துளைவழி வெளியேறும் நீரின் வேகம் அதற்கு மேலுள்ள நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதமானது என்பதை 1644இல் வெளியான தம் நூலில் டாரிசெல்லி எடுத்துரைத்தார். வால்வுக் கணக்கின் வேர் இதுவே. பாய்வு அழுத்த இறக்கத்தின் வர்க்கமூலத்தைச் சார்வதால்தான் பிற்காலத்தில் வால்வின் நடத்தை குழாயமைப்பின் நடத்தையோடு பின்னிக்கொண்டது.

லண்டன் ஆல்பியன் ஆலையில் ஆலைக்கற்களைச் சீர்படுத்தப் பயன்பட்ட சுழல்குண்டுக் கருவியைப் பற்றி 1788இல் மாத்யூ போல்ட்டன் தம் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு எழுதினார். வாட் அதனை நீராவிப் பொறிக்கு உரிய வேகச் சீராக்கியாக்கினார். வேகம் கூடக் குண்டுகள் விரிந்தன. அவ்விரிவு நெம்புகோல்கள் வழியே நீராவிக் குழாயிலிருந்த சுழல்தட்டு வால்வை மூடியது. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சீராக்கிகளின் நிலைப்பாட்டைக் கணித முறையில் ஆராய்ந்தார். குண்டுகளின் இயக்கம் கணிதத்திற்கு உட்பட்ட அக்காலத்தில், வால்வுத் தட்டின் வடிவம் பட்டறையின் கைவழக்காகவே இருந்தது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மார்ஷல்டவுன் நகரில் 1880இல் வில்லியம் ஃபிஷர் நீரேற்றுப் பொறிக்கான அழுத்தச் சீராக்கியை உருவாக்கினார். நகரில் தீப்பற்றியபோது, தீயணைப்புக் குழாய்களில் அழுத்தம் குன்றாதிருக்க நீராவி வால்வை நெடுநேரம் கையாலேயே திருப்பிக்கொண்டிருந்த பட்டறிவே அக்கருவிக்குத் தூண்டுதல் என்பது அத்தொழிலில் வழங்கும் மரபுச் செய்தி. கையால் திருப்புபவர் அழுத்தமானியைப் பார்த்து, வால்வு எந்த இடத்தில் எவ்வளவு கூர்மையாக வினைபுரிகிறது என்பதை உணர்ந்து தம் கையை மாற்றிக்கொள்வார். தானியங்கிக் கருவிக்கு அவ்வுணர்வு இல்லை. எனவே அவ்வறிவை வால்வுக்குள்ளேயே வைக்கவேண்டிய தேவை பின்னர் எழுந்தது.

4. உலோகத்தில் அமைந்த வளைகோடு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் வேதித்தொழிலும் தொகுதி முறையிலிருந்து தொடர் முறைக்கு மாறின. இடைவிடாது ஓடும் பாய்மத்தில் வெப்பம், அழுத்தம், மட்டம் ஆகியவற்றைக் குறித்த அளவில் நிறுத்தவேண்டியதாயிற்று. 1931இல் பாக்ஸ்போரோ நிறுவனம் ‘ஸ்டேபிலாக்’ என்னும் காற்றழுத்தக் கட்டுப்படுத்தியை அறிமுகப்படுத்தியது. இத்தகைய கருவிகள் பிழைக்கு விகிதமாகவும், பிழை நீடிக்கும் காலத்திற்கு ஏற்பவும் வால்வை நகர்த்தின. 1942இல் ஜீக்லர், நிக்கோல்ஸ் இருவரும் கட்டுப்படுத்தியை இசைவிக்கும் நெறியை வெளியிட்டனர். விகிதக் கட்டுப்பாட்டில், அலைவு ஓயாது நீடிக்கத் தொடங்கும் உணர்திறனின் பாதியை அமைப்பாகக் கொள்ளுமாறு அவர்கள் பரிந்துரைத்தனர்.

இந்நெறி வால்வின் மீது ஒரு கடமையைச் சுமத்தியது. பாதி என்பது இருமடங்கு இடைவெளியையே தருகிறது. வால்வு ஒரு திறப்பில் மெதுவாகவும் மற்றொரு திறப்பில் இருமடங்குக்கு மேல் கூர்மையாகவும் வினைபுரிந்தால், ஓரிடத்தில் நன்கு இசைந்த கட்டுப்பாடு மற்றோரிடத்தில் அலையத் தொடங்கும். ஆகவே வால்வின் வளைகோடு பட்டறை வழக்கிலிருந்து வடிவமைப்புக் கூறாக உயர்ந்தது.

அவ்வளைகோட்டை அமைக்க அடைப்பானே இடமாயிற்று. தட்டையான அடைப்பான் விரைவுத் திறப்பைத் தந்தது. பாவாடை போன்ற உருளையில் ‘வி’ வடிவ வெட்டுகள் இட்டால், உயர உயர வழி அகன்றது. பரவளைவு வடிவில் கடைந்த அடைப்பானும் அவ்வாறே தேவையான கோட்டைத் தந்தது. இக்கட்டத்தில் பண்பை மாற்றுவதென்றால் அடைப்பானையே மாற்றவேண்டும். குழாயைத் தனிமைப்படுத்தி, அழுத்தத்தை இறக்கி, பாய்மத்தை வடித்து, மேல்மூடியைக் கழற்றி, புதிய அடைப்பானை இருக்கையோடு தேய்த்துப் பொருத்தி, கசிவு சோதித்த பின்னரே வால்வு மீண்டும் பணிக்கு வரும். தொழிலகம் நிற்கும் நாட்களே இதற்கு வாய்ப்பு.

1944இல் மேசன்-நீலன் நிறுவனம் ‘சி-வி’ என்னும் பாய்வுக் கெழுவை வழக்கிற்குக் கொண்டுவந்தது. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்த இறக்கத்தில் 60 பாரன்ஹீட் வெப்பநிலையிலுள்ள நீர் நிமிடத்திற்கு எத்தனை அமெரிக்க காலன் செல்கிறது என்பதே அவ்வெண். வெவ்வேறு நிறுவனங்களின் வால்வுகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட இது வழிசெய்தது. பாய்வுப் பண்பும் இனி ஒவ்வொரு நகர்வுக்கும் உரிய கெழு மதிப்புகளாக எழுதப்படலாயிற்று. உலோகத்தில் இருந்த வளைகோடு முதன்முறையாக எண் வரிசையாகவும் வாழத் தொடங்கியது எனலாம்.

5. இயல்புப் பண்பும் நிறுவற் பண்பும்

இயல்புப் பண்பு ஆய்வகத்தில் மாறாத அழுத்த இறக்கத்தில் அளக்கப்படுவது. தொழிலகத்தில் வால்வோடு நீண்ட குழாய், வெப்பமாற்றி, வடிகட்டி எனப் பலவும் தொடராக உள்ளன. பாய்வு கூடும்போது இவை அழுத்தத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. வால்வுக்கு எஞ்சுவது குறைகிறது. இந்நிலையில் கிடைக்கும் கோடு நிறுவற் பண்பு எனப்படும்.

எடுத்துக்காட்டாக, மொத்த அழுத்த இறக்கம் மாறாதிருக்கும் ஒரு குழாய்த் தொடரில், முழுத்திறப்பின்போது வால்வின் பங்கு பத்தில் ஒன்று எனக் கொள்ளலாம். கணக்கிட்டால் நிறுவற் பாய்வு பின்வருமாறு அமைகிறது:

நகர்வு 25 விழுக்காடு: நேர்கோட்டு வால்வில் 63, சமவிழுக்காட்டு வால்வில் 17.
நகர்வு 50 விழுக்காடு: நேர்கோட்டு வால்வில் 88, சமவிழுக்காட்டு வால்வில் 41.
நகர்வு 75 விழுக்காடு: நேர்கோட்டு வால்வில் 96, சமவிழுக்காட்டு வால்வில் 79.

(பாய்வு எண்கள் உச்சப் பாய்வின் விழுக்காடு. சமவிழுக்காட்டு வால்வின் விகிதம் 50.)

ஆய்வகத்தில் நேராயிருந்த கோடு இங்கு விரைவுத் திறப்பாகத் திரிகிறது. ஆய்வகத்தில் வளைந்திருந்த கோடு நேர்கோட்டை நெருங்குகிறது. 25 முதல் 75 விழுக்காடு வரையான நகர்வில், நேர்கோட்டு வால்வின் கூர்மை ஏழரை மடங்கு மாறுகிறது. சமவிழுக்காட்டு வால்வின் கூர்மை இரண்டரை மடங்கே மாறுகிறது. ஜீக்லர்-நிக்கோல்ஸ் நெறி தரும் இருமடங்கு இடைவெளியோடு ஒப்பிட்டால், பின்னதே கட்டுப்பாட்டுக்கு இயைவது என்பது புலனாகும்.

மாறாக, வால்வு மொத்த இறக்கத்தின் பெரும்பங்கை ஏற்கும் அமைப்பில் நேர்கோட்டுப் பண்பே பொருந்தும். எனவே எந்தப் பண்பும் தன்னளவில் சிறந்ததன்று. நிறுவிய பின் பம்பு மாற்றப்பட்டாலோ, குழாய் நீட்டப்பட்டாலோ, முன்பு பொருந்திய பண்பு பொருந்தாமற் போகலாம். பாய்வுப் பண்பை மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இவ்வாறே எழுகிறது.

6. வடிவத் தகடும் கூண்டும்

1930களிலிருந்து பரவத் தொடங்கிய பொசிஷனர் எனப்படும் நிலைநிறுத்தி, பண்பை மாற்ற இரண்டாவது இடத்தைத் தந்தது. உராய்வால் தண்டு உரிய இடத்தை அடையாத குறையைப் போக்குவதே அதன் முதற்பணி. அது தண்டின் உண்மை நிலையை அளந்து, ஆணையோடு ஒப்பிட்டு, வேறுபாடு தீரும்வரை காற்றழுத்தத்தை மாற்றியது. தண்டின் நிலையைத் திருப்பித் தெரிவிக்கும் நெம்புகோலில் கேம் எனப்படும் வடிவத் தகடு ஒன்றைப் பொருத்தினால், ஆணைக்கும் நகர்வுக்கும் இடையிலான உறவையே வளைக்க முடிந்தது. நேர்கோட்டு அடைப்பானைக் கொண்ட வால்வு சமவிழுக்காட்டு வால்வுபோல் நடந்துகொள்ள, தகட்டை மாற்றினாலே போதும். அடைப்பானும் அழுத்தம் தாங்கும் உடலும் தொடப்படவில்லை.

இவ்வெளிமைக்கு ஒரு விலை இருந்தது. தகடு பின்னூட்டப் பாதையில் அமர்ந்ததால், அதன் சரிவு மாறும் இடந்தோறும் நிலைநிறுத்தியின் உட்சுற்றுக் கூர்மையும் மாறியது. சில திறப்புகளில் வால்வு மந்தமாகவும், சிலவற்றில் துடிப்பாகவும் நகர்ந்தது. நிலைப் பண்பு திருந்தியபோது இயக்கப் பண்பு திரிந்தது.

1960களில் பரவிய கூண்டு வடிவம் பண்பை மீண்டும் உலோகத்திற்குக் கொண்டுவந்தது. இதில் அடைப்பான் எளிய உருளை. அதைச் சூழ்ந்த கூண்டின் சாளர வடிவமே பாய்வுக் கோட்டை வரையறுக்கிறது. ஒரே உடலில் கூண்டை மட்டும் மாற்றி வேறு பண்பைப் பெறலாம். தொழிலகம் நிற்கும் தேவை நீங்கவில்லை. வேலை நேரம் குறைந்தது. பின்னர் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60534 வரிசைத் தரநிலைகளில் இயல்புப் பண்புக்கெனத் தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டது.

7. எண் அட்டவணையாகிய பண்பு

1975இல் ஹனிவெல், யோகோகாவா ஆகிய நிறுவனங்கள் நுண்செயலி வழிப் பரவல் கட்டுப்பாட்டு அமைப்புகளை வெளியிட்டன. 1980களின் நடுவில் ரோஸ்மவுண்ட் உருவாக்கிய ‘ஹார்ட்’ நெறிமுறை, 4 முதல் 20 மில்லியாம்பியர் கம்பியிலேயே எண்ணிலக்கச் செய்தியையும் அனுப்ப வழிசெய்தது. 1990களில் நுண்செயலியுடைய நிலைநிறுத்திகள் பரவின. இவற்றில் வடிவத் தகட்டின் இடத்தை எண் அட்டவணை ஏற்றது. நேர்கோடு, சமவிழுக்காடு, விரைவுத் திறப்பு என்பவற்றில் ஒன்றைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். தனிக்கோடு வேண்டுமாயின் புள்ளி புள்ளியாக எழுதலாம். அட்டவணை பின்னூட்டச் சுற்றுக்கு முன்னே ஆணையின் பாதையில் வைக்கப்படும்போது, தகட்டிற்கு நேர்ந்த இயக்கத் திரிபும் நீங்குகிறது.

எனினும், வளைகோடு எண்ணாக மாறியதால் உலோகம் மறைந்துவிடவில்லை. முன்னர்க் கண்ட குழாய்த் தொடரில் 30 விழுக்காட்டுப் பாய்வு தேவைப்படுவதாகக் கொள்ளலாம். சமவிழுக்காட்டு அடைப்பான் அதனை 41 விழுக்காட்டு நகர்வில் தருகிறது. நேர்கோட்டு அடைப்பானோடு எண் அட்டவணையைச் சேர்த்தால் ஆணை அளவில் இரண்டும் ஒன்றே; ஆனால் அடைப்பான் உண்மையில் நிற்பது 10 விழுக்காட்டு நகர்வில். உராய்வால் தண்டு ஒரு விழுக்காடு பிறழ்ந்தால், முதல் வால்வில் பாய்வு இருந்த அளவில் ஏறத்தாழ 3.6 விழுக்காடு மாறும். இரண்டாவதில் ஏறத்தாழ 9 விழுக்காடு மாறும். அட்டவணை ஆணையைத் திருத்துகிறது; தண்டின் பிழையைத் திருத்துவதில்லை. அடைப்பான் இருக்கையை ஒட்டியே நெடுநாள் பணிபுரிவதால் அவ்விடத்து உலோகம் அரிப்புக்கும் ஆளாகிறது. முழுத்திறப்புக் கொள்ளளவு, குமிழ்வெடிப்பு, இரைச்சல் ஆகியவற்றையும் அட்டவணையால் மாற்ற இயலாது.

இப்பிழை சிறிதன்று என்பதற்கு அக்காலப் பட்டறிவே சான்று. காகிதக்கூழ் ஆலைகளின் கட்டுப்பாட்டுச் சுற்றுகளை ஆய்ந்த பியால்கௌஸ்கி 1993இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ 30 விழுக்காட்டுச் சுற்றுகள் வால்வுக் குறைகளால் அலைவதாகத் தெரிவித்தார். கணிப்பொறி வழிக் கட்டுப்பாடு வேரூன்றிய காலத்திலும் குழாய்க்குள் இருந்த உலோகமே சுற்றின் தரத்தை முடிவுசெய்தது.

8. தடயமும் பொறுப்பும்

மூன்று நிலைகளையும் ஒப்பிடும்போது மற்றொரு வேறுபாடும் வெளிப்படுகிறது. அடைப்பானின் வடிவம் தானே ஓர் ஆவணம். வால்வைத் திறந்து பார்ப்பவர் எவரும் அதன் பண்பை ஏறத்தாழச் சொல்லமுடியும். வடிவத் தகட்டையும் மூடியைக் கழற்றிக் காணலாம். எண் அட்டவணையோ கருவியோடு உரையாடினாலன்றிப் புலப்படாது. மாற்றியவர், மாற்றிய நாள், காரணம் ஆகியவை தனியே பதியப்படாவிடில் அவை மறைந்துபோகும்.

இதன் விளைவு நடைமுறையிலும் உணரப்படும். அடைப்பான் சமவிழுக்காட்டு வகை. நிலைநிறுத்தியிலும் ஒருவர் சமவிழுக்காட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார் எனக் கொள்ளலாம். பாதித் திறப்புக்கான ஆணை 14 விழுக்காட்டு நகர்வாகச் சுருங்கும். அந்நகர்வில் வால்வின் இயல்புப் பாய்வு 3.5 விழுக்காடு மட்டுமே. குளிர்நீர் வேண்டிய இடத்தில் வால்வு ஏறத்தாழ மூடியே கிடக்கும். கட்டுப்பாட்டு அறையின் திரையோ 50 என்று காட்டும். இரண்டு இடங்களில் தனித்தனியே சரியாகத் தோன்றும் இரு தேர்வுகள் சேர்ந்து பிழையாகின்றன. பண்பு ஓரிடத்தில் மட்டும் இருந்த காலத்தில் இவ்வகைப் பிழைக்கு இடமே இல்லை.

9. முடிவுரை

பாய்வுப் பண்பின் வரலாறு, கையால் வால்வு திருப்பியவரின் உணர்வு முதலில் உலோக வடிவாகவும், பின் தகட்டின் விளிம்பாகவும், இறுதியில் எண் வரிசையாகவும் மாறிய வரலாறு எனலாம். மாற்றம் செய்ய ஆகும் காலம் நாட்களிலிருந்து நிமிடங்களாகக் குறைந்தது. ஆனால் பழைய நிலையைப் புதியது முற்றிலும் அகற்றவில்லை. பாய்மத்தோடு நேரடியாகப் பொருதுவது இன்றும் அடைப்பானும் கூண்டுமே. ஆகவே நிறுவற் பண்புக்கு நெருங்கிய உலோக வடிவத்தை முதலில் தேர்ந்து, எஞ்சிய சிறு வேறுபாட்டைத் திருத்தவே எண் அட்டவணையைப் பயன்படுத்துவது வரலாறு காட்டும் நெறி.

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 1930களின் அடைப்பான் ஒன்று கிடைத்தால் அதன் வளைகோட்டை இன்றும் அளந்தறியலாம். 1990களின் நிலைநிறுத்தி ஒன்று கிடைத்தாலும், அதன் நினைவகம் படிக்கக் கிடைக்கவில்லை எனில் அது எந்தக் கோட்டில் இயங்கியது என்பதை அறிய வழியில்லை. அண்மைக்காலத் தொழிலகங்களின் வரலாற்றுக்குப் பராமரிப்புப் பதிவேடுகள் முதன்மைச் சான்றாவது இதனாலேயே.